ஜால்ரா கேட்கவில்லை

மாரிக்குப்பம்,
கோலார் தங்க வயல்
8-6-1964

மாப்பிள்ளை சௌந்தரராஜன் அவர்களுக்கு மாமனார் கோவிந்தராஜ் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் சுகம் என்று சகுந்தலாவின் கடிதத்தில் தெரிந்தது. கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் உங்களுக்கென்று நான் ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. இப்போதும் காரியம் இருப்பதால்தான் போடுகிறேன். அதை மறைக்கப் போவதில்லை.

எங்கள் லைன் வீடுகளில் சனிக்கிழமை பஜனை நடப்பது உங்களுக்குத் தெரியும். பாட்டு நான். மிருதங்கம் வேலு, ஜால்ரா சம்பங்கி, ஆர்மோனியம் பர்னபாஸ். பர்னபாஸ் வேதக்காரன், சனிக்கிழமை முருகனுக்கு வாசிப்பான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பான். லண்டனுக்குத் திரும்பிப் போன ஒரு துரை தன்னுடைய டேப் ரிக்கார்டரை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நான்கு பாட்டைப் பதிந்து, தொழிலாளர் நிகழ்ச்சிக்காக பெங்களூர் ரேடியோவுக்கு அனுப்பினோம். பதிந்தது முழுக்க என் பொறுப்பு. மைக் எங்கே, யார் எங்கே, குமிழை எவ்வளவு திருப்புவது, எல்லாம்.

டேப் திரும்பி வந்துவிட்டது. "பாடல்கள் நன்று. ஒலிப்பதிவில் சமநிலை இல்லை. திருத்தி அனுப்பினால் மறுபடி பரிசீலிக்கப்படும்" என்று ஒரு சீட்டு.

பர்னபாஸ் சொன்னான்: "அண்ணே, ஸ்பீக்கர்ல போட்டா ரூமு சத்தமும் சேந்து கேக்குது. காதுல மாட்டிக்கினு கேட்டாத்தான் டேப்புல இன்னா கீதுன்னு தெரியும்." அது மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் ராத்திரி ஷிப்ட் ஆள் பகலில் தூங்குகிறான். நடுவில் இருப்பது தட்டிச் சுவர். ஒரே பாட்டைப் பத்து தரம் போட்டால் எழுந்து வந்து அடிப்பான்.

ஆகையால் ஒரு ஹெட்போன் வேண்டும். நீங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறீர்கள், உங்களுக்கு அதெல்லாம் தெரியும் என்று சகுந்தலா எழுதினாள். விலை அதிகம் வேண்டாம். கேட்கிற வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும். எனக்காக வேண்டாம், அவளுக்காக என்று நினைத்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கோவிந்தராஜ்


வடபழனி, சென்னை-26
15-6-1964

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நான் நான்கு தரம் படித்தேன். சகுந்தலா அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இன்னும் தரவில்லை.

ஹெட்போனில் இரண்டு வகை உண்டு மாமா. வீட்டில் உட்கார்ந்து சுகமாகப் பாட்டுக் கேட்பதற்கென்று வருவது ஒன்று. அது பாட்டுக்குக் கொஞ்சம் பவுடர் பூசிக் கொடுக்கும். அடிச் சத்தத்தைக் கூட்டிக் காட்டும், கீறலை மறைக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டேப்பைத் திருத்துகிறவருக்கு அது உதவாது. எதைத் திருத்த வேண்டுமோ அதையே மறைத்துவிடும். இன்னொரு வகை உள்ளதை உள்ளபடி சொல்லும். குறை இருந்தால் குறையைக் கேட்கலாம். உங்களுக்கு வேண்டியது அதுதான். புதிதாக வாங்கினால் என் இரண்டு மாதச் சம்பளம் ஆகும்.

இப்போதைக்கு மூர் மார்க்கெட்டில் கிடைத்த ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். யுத்த காலத்து மிலிட்டரிச் சரக்கு. உறுதியானது, கீழே போட்டாலும் உடையாது. பர்னபாஸ் அண்ணனிடம் கொடுத்து உங்கள் மிஷினுக்கு ஏற்ற பிளக் வைத்துக்கொள்ளுங்கள். சரியில்லை என்றால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கல்யாணத்தன்று நடந்ததைப் பற்றி இங்கே இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் சரியாக வரவில்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

உங்கள் மாப்பிள்ளை,
சௌந்தரராஜன்


மாரிக்குப்பம்
27-6-1964

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பார்சல் வந்தது. இந்தக் கடிதத்தோடு திரும்பியும் வருகிறது.

இதை மாட்டிக்கொண்டால் என் குரல், அரிசி டப்பாவுக்குள் விழுந்த பூனையின் குரல் மாதிரி இருக்கிறது. வேலு மிருதங்கம் வாசிக்கிறானா, கதவைத் தட்டுகிறானா, தெரியவில்லை. இடது கைத் தொப்பிப் பக்கம் அடிக்கிற அடி மொத்தமும் காணோம். சிப்பாய்க்கு உத்தரவு சொல்ல இது சரி, முருகனுக்குச் சரிப்படாது. தலைப்பட்டையோ ஆட்களை இறக்குகிற கேஜ் கூண்டின் கதவு சாத்தின மாதிரி நெற்றிப்பொட்டைப் பிடிக்கிறது. சுரங்கத்தில் போட்ட ஹெல்மெட்டே தேவலை.

தயங்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். ஒரு மனுஷன் பாடினால் மனுஷன் பாடுவது மாதிரி கேட்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

உங்கள் அத்தை வேர்க்கடலையும் வெல்லமும் வைத்திருக்கிறாள். அது திருப்பி அனுப்புவதற்கு அல்ல.

கோவிந்தராஜ்


வடபழனி
6-7-1964

மாமா அவர்களுக்கு வணக்கம்.

பூனைக்குரல் என்று எழுதியதைப் படித்துச் சகுந்தலா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்த மிலிட்டரி ஹெட்போன் பேச்சைக் கேட்பதற்கென்று செய்தது. நடுச் சத்தத்தை மட்டும் தூக்கிக் காட்டி, மேலேயும் கீழேயும் வெட்டிவிடும். தொப்பிச் சத்தம் காணோம் என்று நீங்களே கண்டுபிடித்தீர்களே, எங்கள் கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் அதைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆகும்.

இப்போது அனுப்புவது ஜெர்மன்காரன் செய்தது. எங்கள் கூடத்தில் மெத்தை கிழிந்து மூலையில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டுக் குறைந்த விலைக்கு வாங்கினேன். அறுந்த ஒயரை நான் மாற்றினேன். மெத்தைக்குச் சகுந்தலா தன் பழைய வெல்வெட் ரவிக்கையை வெட்டித் தைத்தாள். நீங்கள் ஊதா நிறத்தைப் பார்த்துக் கோபிக்கக் கூடாது.

இதைப் போட்டுக்கொண்டு நான் மூன்று மணி நேரம் கேட்டுப் பார்த்தேன். கீழ்ச் சத்தமும் மேல் சத்தமும் ஒரே அளவாக வருகிறது. இனிமையாக இருக்காது, நியாயமாக இருக்கும். முதலில் சப்பென்று தோன்றும். இரண்டு நாள் பழகுங்கள். சத்தத்தை ரொம்பக் கூட்ட வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். காது களைத்துப்போனால் பொய் சொல்லும்.

வேர்க்கடலை தீர்ந்துவிட்டது என்று அத்தையிடம் சொல்லச் சொன்னாள்.

சௌந்தரராஜன்


மாரிக்குப்பம்
20-7-1964

மாப்பிள்ளைக்கு,

ஊதா நிறம் கிடக்கட்டும். மெத்தை மெத்தென்று இருக்கிறது. மிருதங்கம் முழுசாகக் கேட்கிறது. என் குரலும் மனுஷக் குரல்தான். ஆனால் ஜால்ரா எங்கே?

இரண்டு நாள் பழகச் சொன்னீர்கள், பத்து நாள் பழகினேன். சம்பங்கி கை வலிக்க வலிக்க அடிக்கிறான். ஹெட்போனில் டொக் டொக் என்று மரச்சில்லைத் தட்டுவது மாதிரி வருகிறது. அதற்குப் பிறகு கிண்ணென்று ஓட வேண்டுமே, அந்த ஓட்டமே இல்லை. பஜனையில் ஜால்ரா இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? சம்பங்கியை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். குமிழை மேல் சத்தம் பக்கம் முழுக்கத் திருப்பினேன். அப்புறம்தான் ஏதோ கொஞ்சம் கேட்டது. அப்படிப் பதிந்த டேப்பை இத்துடன் அனுப்புகிறேன், நீங்களே கேட்டுப் பாருங்கள். உங்கள் ஜெர்மன்காரன் நியாயஸ்தன் இல்லை.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிடுகிறேன். கல்யாணத்தன்று சாயங்காலம் எங்கள் கோஷ்டி பாடிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் மாலையோடு எழுந்து வந்து, "மாமா, ஸ்பீக்கர் காதைக் கிழிக்குது" என்று சொல்லி, அத்தனை பேர் எதிரே நீங்களே குமிழைத் திருகிக் குறைத்தீர்கள். விளக்குக் கொடுக்கிற லாம்ப் ரூமில் என்னோடு வேலை செய்கிறவர்கள், முன்னே என்னோடு சுரங்கத்துக்குள் இறங்கின பழைய லெவல் ஆட்கள், எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தைந்து வருஷமாகப் பாடுகிறவனுக்குச் சத்தம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று தெரியாதா? இப்போதும் அதேதான் நடக்கிறது. உங்களுக்குப் பிடித்த அளவில் கேட்கிற ஹெட்போனை எனக்கு அனுப்புகிறீர்கள்.

கோவிந்தராஜ்


வடபழனி
1-8-1964

மாமா அவர்களுக்கு வணக்கம்.

கடிதமும் டேப்பும் வந்தன. டேப்பைக் கூடத்தில் போட்டுக் கேட்டேன். பாட்டுகள் மிகவும் நன்றாக இருக்கின்றன. இரண்டாவது பாட்டில் நீங்கள் கீழே இறங்கி நிற்கிற இடத்தில் எங்கள் இஞ்சினியர் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

கல்யாணத்தன்று நான் செய்தது தப்பு. குறைக்க வேண்டும் என்று தோன்றியிருந்தால் யாரையாவது விட்டு மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும். என் தொழில் புத்தி கையை இழுத்துவிட்டது. அடித்த இரண்டு வரி இதுதான். இப்போது முழுதாக எழுதிவிட்டேன்.

ஜால்ரா விஷயம். இத்துடன் உங்கள் டேப்பையும், நான் தினமும் வேலைக்குப் போட்டுக்கொள்கிற என்னுடைய ஹெட்போனையுமே அனுப்புகிறேன். இதைவிட நல்ல ஹெட்போன் என்னிடம் இல்லை. ஒரு வேண்டுகோள். இதிலும் ஜெர்மன் ஹெட்போனிலும் அதே டேப்பைப் போட்டு நீங்கள் ஒரு தரம் கேளுங்கள். பிறகு அத்தையை ஒரு தரம் கேட்கச் சொல்லுங்கள். அத்தை என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கருவிகளைச் சோதிக்கும்போது நாங்கள் இப்படி இரண்டு பேரை வைத்துக் கேட்பது வழக்கம்.

சௌந்தரராஜன்


மாரிக்குப்பம்
9-8-1964

மாப்பிள்ளைக்கு,

உங்கள் ஹெட்போனும் அப்படியேதான் இருக்கிறது. மூன்றிலும் ஜால்ரா இல்லை.

உங்கள் அத்தைக்குச் சங்கீதம் தெரியாது. இத்தனை வருஷத்தில் பஜனை நடக்கும்போது அவள் அடுப்படியை விட்டு வந்ததில்லை. அவளை எதற்குக் கேட்க வேண்டும்? கருவிக்குச் சோதனையா, எனக்குச் சோதனையா?

கோவிந்தராஜ்


வடபழனி
18-8-1964

மாமா அவர்களுக்கு,

உங்களுக்குத்தான் சோதனை. போன கடிதத்தில் அதை நேராக எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. சகுந்தலா படித்துவிட்டு, "உண்மையச் சொல்லாம எங்கப்பாவுக்கே ஜால்ரா போடறீங்களா?" என்று கேட்டாள். அவள் சண்டை போட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாமா, உங்கள் டேப்பில் ஜால்ரா இருக்கிறது. வேறு எதுவும் இல்லை என்று சொல்லும்படி இருக்கிறது. கூடத்தில் போட்டவுடன் இஞ்சினியர் காதைப் பொத்திக்கொண்டார். பாட்டு நன்றாக இருக்கிறது என்று நான் எழுதியது பொய் இல்லை. சத்தத்தைக் குறைத்து, மேல் சத்தத்தை வெட்டி, அதற்கு அடியிலிருந்து உங்கள் குரலைத் தேடி எடுத்துக் கேட்டோம். ரேடியோவில் சமநிலை இல்லை என்று எழுதியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று ஹெட்போனும் மூன்று ஊரில் செய்தவை. மூன்றிலும் ஒரே குறை இருக்க முடியாது. நீங்கள் இருபத்திரண்டு வருஷம் பாறையில் துளைபோடுகிற மிஷின் பிடித்தவர் என்று சகுந்தலா சொன்னாள். அந்தச் சத்தம் முதலில் காதில் கொண்டுபோவது மேல் சத்தத்தைத்தான். பேச்சு கேட்கும், மிருதங்கம் கேட்கும், கிண்ணென்கிற ஓட்டம் மட்டும் கேட்காது. கேட்காததால் கூட்டி வைப்பீர்கள். கூட்டி வைத்தது மற்றவர்களைக் குத்தும்.

நீங்கள் வேண்டாம் என்றால் இதற்குமேல் நான் பேசவில்லை. வேண்டும் என்றால் டேப்பை மறுபடி அனுப்புங்கள், இங்கேயே கூடத்தில் திருத்தி வேறு டேப்பில் ஏற்றித் தருகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். சகுந்தலாவுக்குக் கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சௌந்தரராஜன்


மாரிக்குப்பம்
21-9-1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை வீட்டில் காட்டவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே லாம்ப் ரூமுக்குப் போனேன், வந்தேன். ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும்போது ஒவ்வொருத்தன் வாயையும் பார்த்தேன். அவர்கள் பேசுவதைக் காதால் கேட்கிறேனா, வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பொறுத்தேன். நாலாவது ஞாயிறு மத்தியானம் உங்கள் அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கென்று சொல்லாமல் ஹெட்போனை எடுத்து அவள் தலையில் மாட்டி மிஷினைத் திருப்பினேன். முறத்தைத் தட்டிவிட்டாள்.

"இன்னாங்க இது, காதுல ஊசி எறக்கற மாதிரி கீது!"

"எது?"

"ஜால்ராதான், வேற இன்னா? சம்பங்கி என் காதுக்குள்ளயே குந்திக்கினு அடிக்கிறான். இதக் கொறைங்க மொதல்ல!"

வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். டொக் டொக். அவ்வளவுதான். கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் காது சரியா கேக்கலன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீங்க மிஷின் புடிச்ச காலத்துலேர்ந்தே தெரியும். கூப்டா திரும்பறீங்க. வாசல்ல சைக்கிள் பெல் அடிச்சா திரும்பறதில்ல."

"ஏன் சொல்லல?"

"நீங்க எப்பவாவது கேட்டீங்களா?"

சிதறின அரிசியை இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம்.

மறுநாள் சுரங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னதும் பெரிதுமாக இரும்புக் கவைகளைத் தட்டித் தட்டிக் காதருகே பிடித்தார். பெரிசு கேட்டது. சின்னதைப் பிடித்தபோது அது நடுங்குவதுதான் தெரிந்தது, சத்தம் இல்லை. எத்தனை வருஷம் மிஷின் என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். "உங்களோடு மிஷின் பிடித்தவர்களை வரிசையாக நிறுத்தினால் பாதிப் பேருக்கு இதுதான்" என்றார். இனிமேல் சரியாகாதாம். இதற்குமேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாமாம். வெளியே வந்து கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. சம்பங்கியின் ஜால்ரா எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் இருந்தது. அது போதும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கோஷ்டியில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: "எனக்கு மேல் சத்தம் கேக்காது. டேப்பு கெட்டது என்னாலதான்." முதலில் சம்பங்கிதான் வாயைத் திறந்தான். "அப்போ இத்தினி வருஷமா நான் தப்பா அடிச்சது ஒங்களுக்குத் தெரியவே தெரியாதாண்ணே?" என்றான். பர்னபாஸ் ஆர்மோனியத்தின் மேல் விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கூடத்தில் நீங்களே திருத்தித் தருகிறேன் என்று எழுதியது பெரிய மனசு. ஆனால் மெட்ராசில் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அனுப்பினால் அது எங்கள் பாட்டாக இருக்காது. இங்கேயே மறுபடி பதிகிறோம். காதுக்கு உங்கள் அத்தை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஊதா மெத்தையை மாட்டிக்கொண்டு எல்லாரையும் விரட்டுகிறாள். சம்பங்கியை மைக்கிலிருந்து தள்ளித் தள்ளி வாசல் வரைக்கும் அனுப்பியாகிவிட்டது. "இன்னும் போ, கொழாய்கிட்ட போ" என்கிறாள். வேலுவைப் பார்த்து, "மூணாவது பாட்டுல எப்பவும் தாளத்த விட்டு ஓடறியே, இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவன் ஓடுவது எனக்கே தெரியும். இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டிருந்தேன். அடுப்படியில் இருந்துகொண்டே எல்லாப் பாட்டையும் அடி அடியாக மனசில் வைத்திருக்கிறாள் மாப்பிள்ளை. சங்கீதம் தெரியாது என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கல்யாணத்தன்று குமிழைக் குறைத்தது நீங்கள். அதைக் காது கிழிய வைத்தது நான். இதற்குமேல் மாமனார் எழுத மாட்டார், நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்.

உங்களுடைய வேலை ஹெட்போனைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். அது இல்லாமல் இத்தனை நாள் எப்படி வேலை செய்தீர்கள் என்று கேட்க எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

உங்கள் மாமா,
கோவிந்தராஜ்


வடபழனி
12-10-1964

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்றுப் புது டேப் வந்தது. சகுந்தலாவைக் கூடத்துக்கே அழைத்துப்போய்ப் போட்டேன். அப்பா பாட, அம்மா விரட்டி, குழாயடியிலிருந்து சம்பங்கி அடித்த ஜால்ரா மெல்லிசாக வந்து சேருகிறது. எது முன்னே, எது பின்னே என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறது. நான் எட்டு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரே மைக்கை வைத்து இப்படிப் பதிய எனக்கு வராது. இஞ்சினியர், "யார் உட்கார்ந்து பதிந்தது?" என்று கேட்டார். "என் மாமியார்" என்றேன். நம்பவில்லை.

ரேடியோவுக்கு வேண்டிய வேகத்தில் இன்னொரு டேப்பில் ஏற்றிவிட்டேன். குமிழ் எதையும் தொடவில்லை மாமா. பிளேடு மட்டும் ஒரே ஒரு இடத்தில் பட்டது. மூன்றாவது பாட்டு முடிந்து ஒரு நொடி கழித்து, "போதும், அடுப்புல கொழம்பு கீது" என்று அத்தையின் குரல் கேட்கிறது. அந்தத் துண்டை வெட்டி ஒட்டினேன். வெட்டியதை வீசிவிட மனம் வரவில்லை, சகுந்தலா வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஹெட்போன் இல்லாமல் வேலை செய்தது உண்மைதான். முதலாளி இரண்டு தரம் கேட்டார், ரிப்பேரில் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அது ஒன்றும் பெரிதில்லை.

வரி அடிக்கப்பட்டது.

உங்கள்,
சௌந்தரராஜன்


மாரிக்குப்பம்
30-11-1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் சகுந்தலாவுக்கும்,

நேற்று ரேடியோவில் வந்துவிட்டது. முழுசாகப் பதினைந்து நிமிஷம். ஞாயிறு ஆனதால் லைன் முழுக்க வீட்டில் இருந்தார்கள். ரேடியோவை ஜன்னலில் வைத்தோம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரன்கூடத் தூங்காமல் வாசலில் உட்கார்ந்து கேட்டான். "மாரிக்குப்பம் தொழிலாளர் பஜனை கோஷ்டி" என்று சொன்னதும் குழந்தைகள் போட்ட சத்தத்தில் முதல் அடி யாருக்கும் கேட்கவில்லை. ஜால்ரா எனக்குக் கேட்கவில்லை. சம்பங்கி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் எவ்வளவு வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. முடிந்ததும் அவன் வந்து உங்கள் அத்தை காலில் விழுந்தான். அவள் பயந்துபோய்ச் சொம்பைக் கீழே போட்டாள்.

பொங்கலுக்கு இரண்டு பேரும் நாலு நாள் இருக்கிற மாதிரி வர வேண்டும். பங்காருபேட்டையில் இறங்கி நில்லுங்கள், நானே வந்து மாரிக்குப்பம் ரயிலில் அழைத்துவருகிறேன். சனிக்கிழமை பஜனைக்கு ஸ்பீக்கர் வைப்போம். குமிழ் உங்கள் கையில்.

வேறொரு காரியமும் இருக்கிறது. டேப் வேலை முடிந்தாலும் ஹெட்போன் பெட்டிக்குள் போகவில்லை. பர்னபாஸ் எங்கள் ரேடியோவின் பின்னால் ஒரு ஓட்டை போட்டு அதற்கு வழி வைத்துக் கொடுத்துவிட்டான். மத்தியானம் நான் வேலை முடிந்து வந்து படுத்தால், எனக்குத் தொந்தரவு இல்லாமல் உங்கள் அத்தை அதை மாட்டிக்கொண்டு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. இப்போது இந்த வீட்டில் காது கேட்காதவர்கள் இரண்டு பேர்.

ஆகையால் இன்னொரு ஹெட்போன் அனுப்புங்கள். எனக்கு விலை குறைந்தது போதும், மேல் சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ரேடியோவில் இரண்டையும் சேர்த்து மாட்டுகிற மாதிரி ஒரு ஒயரும் கட்டி அனுப்புங்கள். நேற்றுப் பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்தேன். அவள் தன்னந்தனியாக உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல போங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள்.

எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் மாமா,
கோவிந்தராஜ்